எக்ஸ்ரே அறைக்கு வராத சித்தி

எனக்கு ஒன்பது வயதானபோது, கோடை விடுமுறைக்குச் செய்யூரிலிருந்து புதுப்பட்டினத்துச் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சித்திக்குக் கல்யாணமாகி ஏழு வருடம், குழந்தை இல்லை. அதனால் அவள் முழுதாக எனக்கே சொந்தம் என்று நான் முடிவு செய்திருந்தேன். கடைக்கோ கோயிலுக்கோ, எங்கே போனாலும் அவள் முந்தானையின் ஒரு முனை என் கையில் இருக்கும்.

ஒரு சாயங்காலம், கரையில் ஏற்றி வைத்திருந்த படகின் விளிம்பிலிருந்து மணலில் குதித்தேன். எத்தனையோ முறை குதித்த இடம்தான். அன்று மணலுக்குள் புதைந்திருந்த கயிற்றுச் சுருளில் வலது கால் பட்டு உட்புறமாக மடங்கியது. வலி உடனே வரவில்லை. கடல் கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் அலையடித்தது. வானம் வெகு பக்கத்தில் இருந்தது. கணுக்கால் மெல்ல வீங்கியபோதுகூட, அது வேறு யாருடைய காலோ, நான் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றுதான் தோன்றியது.

சித்தப்பா என்னைத் தூக்கிவந்து வீட்டில் கிடத்தினார். வெறும் சுளுக்குதான், எண்ணெய் போட்டு உருவிவிட்டால் காலையில் ஓடுவாள் என்பது அவர் தீர்ப்பு. எண்ணெயும் சூடாகிவிட்டது. சித்திதான் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

“எலும்பு விரிசல் வுட்டிருந்தா உருவி இன்னா ஆவறது? மொதல்ல டாக்டராண்ட காட்லாம்.”

டாக்டரம்மா வீக்கத்தைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. வீங்கிய காலுக்கெல்லாம் படம் எடுக்கத் தேவையில்லை என்று சித்தப்பாவிடம் சொல்லிக்கொண்டே, வெளிப்பக்கக் கணுவின் பின்விளிம்பை எலும்பின் மேலேயே கட்டைவிரலால் அழுத்தினார். நான் அலறினேன். பிறகு என்னை இறக்கி நிறுத்தினார்.

“நொண்டினாலும் பரவால்ல. நாலு அடி வெச்சிக் காட்டு.”

வீராப்பாக ஓர் அடி வைத்தேன். இரண்டாவது அடிக்குத் தரையே இல்லாமல் போயிற்று, சித்தப்பா பிடித்துக்கொண்டார். எலும்பை அழுத்தினால் வலி, நாலு அடி வைக்க முடியாதது, இந்த இரண்டில் ஒன்று இருந்தாலே எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும், இவளுக்கு இரண்டுமே இருக்கிறது என்று டாக்டரம்மா சீட்டு எழுதினார்.

சித்தப்பா மருந்து வாங்கப் போனார். எக்ஸ்ரே அறை வாசலில் படம் எடுப்பவர் ஈயம் வைத்த கனமான ஓர் அங்கியைச் சித்தியிடம் நீட்டியபடி ஏதோ கேட்டார். சித்தி குனிந்து, எனக்குக் கேட்காத குரலில் பதில் சொன்னாள். அவர் அங்கியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

“நீயும் வா சித்தி” என்றேன்.

“நான் உள்ள வரக் கூடாது கண்ணு. கதவாண்டயே நின்னுகினு இருக்கேன்.”

அவர் என்னைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார். உள்ளே மங்கலாக, குளிர்ந்து, கடலுக்கடியில் இறங்கியது போலிருந்தது. மேசை சில்லிட்டது. ஆடாமல் இருக்கச் சொல்லிவிட்டு அவரும் மறைந்துபோனார். கதவின் கீழ் இடுக்கில் சித்தியின் பாதங்களின் நிழல் அசையாமல் நின்றது. அவ்வளவு அருகில் நின்றும் வர மறுக்கிறாளே என்று, காலைவிட அதற்காகத்தான் அதிகம் அழுதேன்.

வெளிக்கணு எலும்பில் மெல்லிய விரிசல். மாவுக்கட்டுப் போட்டார்கள்.

எக்ஸ்ரே எடுத்தவர் வாசலில் என்ன கேட்டார் என்பதை, எனக்குக் கல்யாணமான பிறகுதான் சித்தி சொன்னாள். கர்ப்பமா என்று கேட்டிருக்கிறார். அதற்கு முன் மூன்று முறை உண்டாகி, மூன்றும் தங்கவில்லை. நான்காவதைச் சித்தப்பாவிடம்கூடச் சொல்லப் பயந்து வைத்திருந்தவள், முதன்முதலாக வாய்விட்டு ஆமாம் என்று சொன்னது முன்பின் தெரியாத அந்த ஆளிடம்தான். அந்தப் பிள்ளை இப்போது பொத்தேரிக் கல்லூரியில் படிக்கிறான்.

அன்று எனக்கு எதுவும் தெரியாது. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அவள் தட்டில் சோறு பிசைந்து பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வேன். ஒரு சமாதானமும் சொல்லாமல், எதையோ உற்றுக் கேட்பவள் போல அவள் பேசாமலிருந்தாள். தப்பு செய்தவளுக்குப் பேச வாயில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.