நூற்றிரண்டு புள்ளி நான்கு

அவருக்கு 'டிகிரி' என்று பட்டம் சூட்டியது மனைவிதான். கல்லூரிப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காத மனுஷன். ஆனால் வானிலை நிலையத்தில் முப்பத்து நான்கு வருஷம் தெர்மாமீட்டருக்கு முன்னால் நின்று, கண்ணை அதன் மட்டத்துக்கு இறக்கிப் படித்து, நோட்டில் எழுதியவர். ஒருமுறை மேலதிகாரி தூங்கிப்போனதில் ஒரு வேளை அளவு விட்டுப்போயிற்று. "சும்மா ஒரு நம்பரப் போடுய்யா, யாரு வந்து பாக்கப்போறா?" என்றார் அதிகாரி. இவர் கட்டத்தைக் காலியாகவே விட்டார். அடுத்த மாதமே மாற்றல். பெட்டியைக் கட்டினாரே தவிர, கட்டத்தை நிரப்பவில்லை. பிடித்த முயலுக்கு மூன்றே கால்!

மகள் பிறந்த அன்று புயல். "எம் பொண்ணு பொறந்து அழுதப்ப இந்த மனுஷன் மழைய அளந்துட்டு இருந்தாரு" என்று மனைவி முப்பத்தைந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் சொல்லாமல் விட்டதில்லை.

அந்த மகளுக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்து இப்போதுதான் வயிறு திறந்திருந்தது. வெளியூரில் ஏழாம் மாதம். அந்த நேரம் பார்த்துத்தானா புதுக் காய்ச்சல் வரவேண்டும்? ஊர் ஊராகத் தாண்டி வந்தது. வயசானவர்களைத் தேடித் தேடிப் பிடிக்கிறது என்று பேச்சு. தடுப்பூசி இன்னும் சோதனையில் இருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் அறுபத்தைந்து தாண்டியவர்களைச் சோதனைக்குக் கூப்பிட்டார்கள். மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

"பிரசவம் பாக்கப் போறவ காய்ச்சலக் கொண்டுபோய்க் குடுக்கவா? ரெண்டு ஊசியும் போட்டுக்கிட்டுத்தான் அவ வீட்டு வாசப்படிய மிதிப்பேன். நீங்களும் வாங்க."

பதினான்கு பக்க ஒப்புதல் படிவம். எல்லோரும் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டார்கள். டிகிரி வரி விடாமல் படித்தார். ஊசி போட்டதும் நர்ஸ் பெண் ஆளுக்கொரு தெர்மாமீட்டரும், ஏழு நாளுக்குக் கட்டம் போட்ட அட்டையும் கொடுத்தாள்.

"தினம் சாயங்காலம் பாத்து எழுதணும் தாத்தா. நூத்திரெண்டத் தாண்டுனா உடனே போன் பண்ணுங்க. அவங்களுக்கு அடுத்த ஊசி கிடையாது."

டிகிரிக்கு மனசெல்லாம் குளிர்ந்துபோயிற்று. ஓய்வு பெற்ற எட்டு வருஷத்தில் அவரிடம் யாரும் ஓர் அளவு கேட்டதில்லை. அட்டைகள் இரண்டையும் ஜன்னலோரம் வைத்து, பேனாவுக்குப் புது ரீஃபில் போட்டார்.

இரண்டாம் நாள் சாயங்காலம் மனைவி இரண்டு போர்வைக்குள் வெடவெடவென்று நடுங்கினாள். நூற்றிரண்டு புள்ளி நான்கு. ஐந்து நிமிஷம் விட்டு மறுபடி பார்த்தார். அதேதான்.

"நூறுன்னு எழுதுங்க" என்றாள்.

"பாத்தது நூத்திரெண்டு புள்ளி நாலு."

"நாளைக்கு இறங்கிடும்ங்க. நூறுன்னு போட்டா யாரு குடி முழுகிடும்?"

"இத நம்பித்தான் நாளைக்கு லட்சம் பேருக்குப் போடுவாங்க."

"லட்சம் பேரு இருக்கட்டும். எனக்கு ஒரே பொண்ணு. கையெடுத்துக் கும்பிடறேங்க."

கும்பிடவும் செய்தாள். அவர் எழுதினார். எழுதியதோடு விட்டாரா, போனும் பண்ணினார். மறுநாள் காய்ச்சல் தொண்ணூற்றெட்டுக்கு இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் அவள் பெயரை அடித்தாயிற்று. மூன்று நாள் அவள் அவரோடு பேசவில்லை. நாலாம் நாள் காபியை வைத்துவிட்டு, "அவ பொறந்தப்ப மழைய அளந்தீங்க. இப்ப என்னைய அளந்துட்டீங்க" என்றாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

கீழ்வீட்டுத் தையல்காரரும் அதே சோதனையில் இருந்தார். மாடிப்படியில் டிகிரியை மடக்கி, "அட என்ன சார் நீங்க! எனக்கு நூத்திமூணு அடிச்சுது. தொண்ணூத்தெட்டரைன்னு போட்டுட்டுப் படுத்துட்டேன். பார்க்குல நடக்கிற ஆளுங்க எல்லாருமே அப்படித்தான். அரிச்சந்திரனுக்கு அண்ணனா இருந்து என்னத்தக் கண்டீங்க?" என்றார்.

இருபத்தோராம் நாள் இரண்டாவது ஊசிக்கு டிகிரி தனியாகப் போனார். அவள்தான் சட்டையை எடுத்துக் கொடுத்து, "நீங்களாவது போட்டுக்குங்க" என்று அனுப்பிவைத்தாள்.

அடுத்த மாதம் காய்ச்சல் அவர்கள் தெருவுக்குள் வந்தது. செவ்வாய்க்கிழமை அவள் படுத்தாள். ஞாயிற்றுக்கிழமை போய்ச் சேர்ந்துவிட்டாள். நிறைமாத மகளை வரவேண்டாம் என்று எல்லோரும் தடுத்துவிட்டார்கள். அம்மாவின் கடைசிக் காரியத்தை அவள் போனில் கேட்டாள். பதினோரு நாள் கழித்துப் பேத்தி பிறந்தது. இரண்டாவது ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பாளா? யாராலும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். நியாயமான பதில்தான். அதை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் என்ன செய்வது?

ஆறு மாதம் கழித்து, சோதனையில் கலந்துகொண்டவர்களையெல்லாம் ஆஸ்பத்திரிக் கூடத்துக்கு அழைத்து நன்றி சொன்னார்கள். திரையில் காய்ச்சல் அளவுகளின் படம், ஆளுக்கொரு புள்ளி. கீழே நெருக்கமாகப் புள்ளிகள். மேலே தன்னந்தனியாக ஒன்று.

"வயசானவங்க உடம்புக்கு இந்த ஊசி நல்லா ஒத்துக்குது. கடுமையான காய்ச்சல் ஒரே ஒருத்தருக்குத்தான்" என்றார் டாக்டர்.

பக்கத்து நாற்காலியில் தையல்காரர் கூரையில் விசிறி எண்ணிக்கொண்டிருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த முகங்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தன. எல்லாம் உயிரோடு இருந்த முகங்கள். டிகிரி அந்த ஒற்றைப் புள்ளியையே பார்த்தார். அவள் போட்டோவைக்கூட அவர் அப்படிப் பார்த்ததில்லை.

கூட்டம் முடிந்ததும் டாக்டர் அவரைத் தேடி வந்தார். "ஐயா, வருத்தமான விஷயம்தான், இருந்தாலும் கேக்க வேண்டியிருக்கு. நூத்தியிருபது பேர்ல உங்க வீட்டம்மாவுக்கு மட்டும் இப்படி. தெர்மாமீட்டர் கோளாறா இருக்குமோ? இல்ல, பாக்கறதுல ஏதாவது..."

தையல்காரர் டிகிரியின் சட்டையைப் பிடித்து இழுத்தார். "கோளாறுன்னு சொல்லிட்டு வாங்க சார், போகலாம்."

ஒரு வார்த்தை சொன்னால் போதும், அத்தனை பேர் அட்டையும் சந்தி சிரித்திருக்கும். டிகிரி அதைச் சொல்லவில்லை. சொல்லி யாருக்கு ஊசி போடப்போகிறார்கள்?

"ரெண்டு தடவ பாத்தேன். நூத்திரெண்டு புள்ளி நாலுதான்" என்றார்.

"நல்லா தெரியுமாங்க?"

"முப்பத்து நாலு வருஷத்துல ஒரு நாளும் நான் மாத்தி எழுதுனதில்ல டாக்டர்." திரைப் பக்கம் பார்த்தார். "அன்னிக்கு ஒரு நாள் மாத்தி எழுதியிருக்கணும்."

டாக்டர் தலையாட்டிவிட்டு, தாளில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் 'சரி' என்று குறித்துக்கொண்டார்.