முனியாண்டியின் கத்தரிப் பாத்தி

சிம்பாங் பூலாயில் பஸ் பழுதாகி நிற்கிறது. சாலையோரம் ஒரு பெண் கத்தரி நாற்று நட்டுக்கொண்டிருக்கிறாள். பேச்சுக் கொடுக்கிறேன். இங்கிருந்த ரப்பர் தோட்டத்தை விற்றுத் தொழிலாளர்கள் எல்லாரையும் வெளியேற்றியபோது, அவள் கணவர் முனியாண்டி மட்டும் போகாமல், இந்த மேட்டைக் கொத்திப் பத்து வருஷம் காய்கறி போட்டிருக்கிறார். போன மாதம் இதே பாத்தியில், மண்வெட்டியோடு நின்றவர் மாரடைத்து விழுந்து இறந்துவிட்டார். காரியம் முடிந்த மறுநாள், நிலத்தை வாங்கியவரின் ஆட்கள் வந்து அவர் நட்ட செடிகளையெல்லாம் பிடுங்கிப் போட்டிருக்கிறார்கள்.

"மறுபடி வருவாங்களே, அக்கா?"

"வரட்டும்லா." அவள் நிமிரவில்லை. "அவரு செத்துட்டா நான் ஓடிருவேன்னு நெனச்சுட்டாங்க. அவங்க புடுங்கப் புடுங்க நான் நடுவேன். வீட்டுல இன்னும் நாலு தட்டு நாத்து வச்சிருக்கேன்."