இடப்பக்கம் தேய்ந்த ஸ்பூன்

விருத்தாசலம் கடைவீதியில் பழைய வெள்ளியை எடைக்கு வாங்கி உருக்குவார்கள். ஸ்பூன் ஏதும் வந்தால், உருக்குவதற்கு முன் கடைக்காரர் எனக்குப் போன் செய்வார்.

"சார், உங்க கேஸு ஒண்ணு வந்திருக்குதுங்க."

நான் போய் மீட்டு வருவேன். அப்படி மீண்டவை பீரோவில் சிவப்பு வெல்வெட் துணிமேல் படுத்திருக்கின்றன. ஒன்றின் கைப்பிடி முனை வயலின்போல் விரிந்திருக்கும். ஒன்றின் முதுகில் சிப்பி பதித்திருக்கும். இன்னொன்றில் கைப்பிடித் தண்டு குழியின் அடிவரை எலிவாலாக இறங்கியிருக்கும். அந்த எலிவால் அழகுக்கு அல்ல, சேருமிடம் ஒடியாமல் இருப்பதற்கு என்று நான் விளக்க ஆரம்பித்தால், வீட்டில் எல்லோருக்கும் திடீரென்று வேலை வந்துவிடும். என் மனைவி அந்தப் பீரோவுக்கு வைத்த பெயர் காயலாங்கடை.

போன ஆவணியில் அவளுக்கு முகத்தின் இடப்பக்கம் இழுத்துக்கொண்டது. காலையில் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் தானாக வழிந்தது. பக்கவாதமோ என்று பதறி ஓடினோம். முகத்து நரம்பு மட்டும்தான், மெல்லச் சரியாகிவிடும் என்றார் டாக்டர். பாதி வாய்தான் வேலை செய்தது. என்னைத் திட்டும் பாதி அதுவாகவே இருந்ததில் எனக்குக் கொஞ்சம் நிம்மதி.

ஆனால் அவள் சாப்பாடு குறைந்தது. சோறு இடப்பக்கம் வழிந்தது. அடுக்களையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டாள். பெண்ணாடத்தில் எங்கள் மகளுக்கு வளைகாப்பு நாள் குறித்திருந்தார்கள்.

"நீங்க போயிட்டு வாங்க. நான் வரல," என்றாள்.

"பெத்தவ இல்லாம வளைகாப்பா?"

"சம்பந்தி வூட்டு பந்தியில வாயில துண்டு கட்டிக்கினு குந்தச் சொல்றீங்களா? எல்லாரும் என் வாயத்தான் பாப்பாங்க."

ஊறுகாய் ஜாடியும் அகல்விளக்கும் செய்யும் பீங்கான் பட்டறை எனக்கு இருக்கிறது. எந்தத் துன்பத்துக்கும் மண்ணில் தீர்வு உண்டு என்று நம்புவது பீங்கானுக்குப் பேர்போன எங்கள் ஊர்க்காரர்களின் வியாதி. அவளுக்கென்று சின்னதாக ஒரு பீங்கான் ஸ்பூன் செய்தேன். பளபளப்புப் பூச்சு பூசிய எதையும் சூளைத் தட்டில் அப்படியே வைத்தால் ஒட்டிக்கொள்ளும். ஜாடிக்கு அடிப்பாகம் உண்டு, அங்கே பூசாமல் விட்டுவிடலாம். ஸ்பூனுக்கு ஏது அடி? குழியின் முதுகில் ஓர் இடத்தைப் பூசாமல் விட்டேன். சூளையிலிருந்து அழகாகத்தான் வந்தது. அந்தச் சொரசொரப்பு நேராக அவள் கீழுதட்டில் போய் உட்கார்ந்தது.

"நல்லா இருக்குதுங்க," என்றாள் உதட்டைத் தடவிக்கொண்டு. "கொலுவுல வைக்கலாம்."

வேறு வழியில்லாமல் காயலாங்கடையைத் திறந்தேன். வயலின் கைப்பிடிக்காரனின் குழி அவள் வாய்க்குப் பெரிது. சிப்பிக்காரன் கனம். கடைசியில் மிஞ்சியது எலிவால்காரன், வெட்கப்பட்டு நான் மற்றவற்றுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த ஸ்பூன். யாரோ பல வருஷம் வலது கையால் பாத்திரத்தின் அடியைச் சுரண்டியதில், அதன் நுனியில் இடப்பக்கம் தேய்ந்து சாய்ந்துபோயிருந்தது. "இது ஊனம் சார், உருக்கிடலாம்" என்று கடைக்காரரே சொன்னதை, பாவம் பார்த்து வாங்கியிருந்தேன்.

அவள் அதை வாங்கி ரசம்சாதத்தை எடுத்தாள். தாள்போல் மெலிந்திருந்த அந்த விளிம்பு, வாயின் நன்றாக இருந்த வலது ஓரத்தில், இறுக்கமான உதடுகளுக்கு நடுவே சத்தமில்லாமல் நுழைந்தது. ஒரு பருக்கைகூட வழியவில்லை. இன்னொரு வாய் எடுத்தாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து, டிவிக்கு எதிரில் உட்கார்ந்தாள். நான் செய்தி பார்ப்பதுபோல் டிவியைப் பார்த்தேன். சோப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

பெண்ணாடம் பந்தியில் இலை போட்டதும், கைப்பையிலிருந்து அந்த ஸ்பூனை எடுத்தாள். சம்பந்தியம்மா எட்டிப் பார்த்தார். நான் பாயசத்தில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

"வெள்ளிங்களா சம்பந்தி? பழசு மாரி இருக்குது?"

"ஆமாங்க, வெள்ளக்காரன் காலத்துது. இவரு தேடித்தேடி சேத்து வெச்சதுங்க. அடியில பாருங்க, எலிவாலு மாரி இறங்குதுல்ல? அது அழகுக்கு இல்லீங்க, ஒடியாம இருக்க."

அத்தனை வருஷமும் அவள் காது கொடுத்திருக்கிறாள். யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல், பரிமாறுபவரிடம் இன்னொரு கரண்டி பாயசம் கேட்டேன். எனக்குச் சர்க்கரை உண்டு. மனைவி பார்த்தாள். அன்றைக்கு மட்டும் விட்டுவிட்டாள்.

இப்போது அவள் முகம் நேராகிவிட்டது. ஸ்பூனை வெல்வெட்டில் திரும்ப வைக்கலாமா என்று ஒருநாள் கேட்டேன்.

"காயலாங்கடைக்கா?" என்றபடி அதாலேயே ரசத்துக்கு உப்புப் பார்த்தாள். "போங்க அந்தாண்ட."

போனேன்.