மாஸ்டரின் காரில் ஹீட்டர்

போர்க்காலப் பொருளாதாரத் தடையில், பெட்ரோல் கிடைக்காமல், கார்கள் மண்ணெண்ணெயில் இருமியபடி ஓடிய காலம். மானிப்பாயில் எனக்கொரு கராஜ். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட மாஸ்டர் ஒருவர், லண்டனிலிருந்து கொண்டுவந்த தன் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் ஹீட்டரைத் திருத்தித் தரக் கேட்டார். குளிக்கச் சவர்க்காரத்துக்கும் வழியில்லாத ஊரில், வேர்த்து வழியும் வெயிலில், ஹீட்டர்.

"லண்டன் குளிர் இன்னும் விடேல்லையோ, மாஸ்டர்?"

"செய்து தா, தம்பி. காரியம் இருக்கு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எஞ்சினின் வெந்நீர்க் குழாயை ஹீட்டரில் பூட்டாமல் அடைத்துவிட்டு, திருத்தியாயிற்று என்றேன்.

அடுத்த மாதம் என் மனைவிக்குப் பிரசவ வலி. கிடைத்தது அவருடைய கார்தான். மாஸ்டர் ஓட்ட, மனைவி பக்கத்தில்; இருந்த இரண்டே இருக்கைகளுக்குப் பின்னால் நான் மடங்கிக் கிடந்தேன். பாதி வழியில் எஞ்சின் கொதித்தது.

"பயப்பிடாதை. ஹீட்டரைத் திறந்தால் எஞ்சின்ரை சூட்டை இழுத்து வெளியிலை விடும். மண்ணெண்ணெய்ச் சூட்டுக்கு உதுதான் வழி" என்று மாஸ்டர் பிடியை இழுத்தார். சூடு வரவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார்.

"நான் பூட்டேல்லை, மாஸ்டர்."

கார் நின்றது. வெங்காயம் ஏற்றிப் போன உழவு இயந்திரத்தை அவரே ஓடிப்போய் மறித்தார். ஆஸ்பத்திரி வாசலில், மூடைகளுக்கு நடுவே, என் மகள் பிறந்தாள்.

தடை போட்டவர்கள்மீது இருந்த ஆத்திரத்தை ஒரு கிழவரின் குழாயில் தீர்த்திருக்கிறேன். மாஸ்டர் ஒரு வார்த்தை ஏசியிருந்தால் ஆறியிருப்பேன். அவர் கடைசிவரை ஏசவேயில்லை.