ரெண்டு கண்ணுப் பெட்டி

ஜப்பான்காரன் வந்த இரண்டாம் வருஷக் கடைசியில் எங்கள் வீட்டில் ஒரே ஒரு சீலைதான் மிஞ்சியிருந்தது. அது என் கல்யாணச் சீலை. மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக அரிசிக்கும் உப்புக்கும் போய்விட்டன. வீட்டில் பெண்கள் இரண்டு பேர், நானும் என் வீட்டுக்காரரின் அக்காவும். அவரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். வெளியே போகிறவருக்குச் சீலை. மற்றவர் கோணிச் சாக்கைச் சுற்றிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டு உள்ளே இருக்க வேண்டும். சாக்கு தொடையை அறுக்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். யாராவது கதவைத் தட்டினால் மூச்சை அடக்கிக்கொண்டு, ஆள் இல்லாத மாதிரி இருப்போமே, அதைத்தான் பொறுக்க முடியாது.

நாங்கள் வேலை பார்த்தது பகாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் எல்லா வீட்டிலும் இதே கதைதான். அண்ணியின் புருஷனை முதல் கூட்டத்திலேயே சயாமுக்கு ரயில்பாதை போடக் கொண்டுபோய்விட்டார்கள். போனவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அவரை நான் அண்ணன் என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். அவருடைய படம் ஒன்றுகூட வீட்டில் கிடையாது. இப்போது அடுத்த கூட்டத்துக்கு ஆள் எடுக்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. போகிறவர்கள் எல்லாரும் என் வீட்டுக்காரரிடம் வந்து நின்றார்கள். "எங்க பொஞ்சாதியப் படம் புடிச்சுக் குடு. கொண்டு போறோம்."

அவரிடம் வந்ததற்குக் காரணம் உண்டு. சண்டைக்கு முன்னால் அவர் சிரம்பானில் ஒரு படக்கடையில் ஃபிலிம் கழுவுகிற வேலை பார்த்தவர். கடை முதலாளியான தவுக்கேயின் கேமராக்களைப் பட்டாளத்துக்காரர்கள் எடுத்துக்கொண்டு போனபின் கடை மூடிவிட்டது. இவர் தோட்டத்துக்கு வந்து பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தார். ஆனால் தவுக்கே ஒரு டின்னில் ஃபிலிமும் தாளும் மருந்தும் போட்டுப் புதைத்து வைத்திருந்தார். கேமரா மட்டும் கொண்டு வா, மற்றது நான் தருகிறேன், மரவள்ளியும் முட்டையும் கொடு என்று சொல்லியனுப்பியிருந்தார்.

கேமரா வாங்க எங்களிடம் இருந்தது என் கைத் தையல் மிஷின் ஒன்றுதான். அப்பா கொடுத்தது. தைக்கத் துணியே இல்லாத ஊரில் தையல் மிஷின் எதற்கு என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

அன்றைக்குச் சீலை எனக்கு வந்தது. மிஷினைச் சைக்கிளில் கட்டி, பாதி தூரம் ஏறியும் பாதி தூரம் தள்ளியும் சிரம்பானுக்குப் போனோம். கேமரா விற்பவர் யாழ்ப்பாணத்துக்காரர், ஒரு பெரிய தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாராக இருந்தவர். ஓடிப்போன துரை பங்களாவைக் காலி செய்தபோது அவரிடம் கொடுத்துவிட்டுப் போன சாமான்களை வீட்டு முன்னறையிலேயே வைத்து விற்றுக்கொண்டிருந்தார். கழுத்துப் பொத்தான்வரை போட்ட கோட்டு. கை நீட்டும்போது கோட்டுக்குள்ளே சட்டை இல்லை என்பது தெரிந்தது. நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். அதற்குப்பின் கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டே பேசினார்.

மேசையில் மூன்று கேமராக்கள். ஒன்று உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், வெள்ளி மாதிரி மின்னியது. லென்ஸைத் திருகிக் கழற்றி வேறு லென்ஸ் போடலாம்.

"இதுதான் எல்லாத்திலும் உசத்தி, தம்பி. ஓடுற குதிரையை நிண்ட மாதிரி எடுக்கும்" என்றார் கிராணியார்.

"எங்க ஆளுங்க யாரும் ஓடப்போறதில்லைங்க" என்றார் இவர். பின்பக்கத்தைத் திறந்து பார்த்ததும் முகம் விழுந்துவிட்டது. அது சின்ன ஃபிலிம் போடுகிற கேமரா. தவுக்கே புதைத்து வைத்திருந்தது அகல ஃபிலிம். ஃபிலிம் கிடைக்காத கேமரா எவ்வளவு உசத்தியாக இருந்தால்தான் என்ன?

இரண்டாவது, மடக்குக் கேமரா. திறந்தால் தோல் துருத்தி நீண்டு முன்னால் வரும். மடக்கினால் சட்டைக்குள் மறைத்துக்கொள்ளலாம். கேமரா வைத்திருந்தால் ஒற்றன் என்று பிடிப்பார்கள் என்று ஊரெல்லாம் பயம், அதனால் மறைக்க முடிவது பெரிய விஷயம். லென்ஸும் அகலம். பால்மரத்து நிழலில் வெளிச்சம் எப்போதும் குறைவுதான், அங்கே லென்ஸ் நிறைய வெளிச்சத்தை உள்ளே வாங்க வேண்டும் என்று இவர் எனக்குச் சொன்னார். துருத்தியை வெயிலுக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்த்தார். மடிப்பில் ஊசிமுனை அளவுக்கு ஒரு ஓட்டை. "ரப்பர் பால் தடவி அடைச்சுடலாம். இதத்தான் எடுக்கணும்" என்றார். பிறகு அதைக் கண்ணில் வைத்து என் பக்கம் திருப்பினார்.

எனக்குக் குப்பென்று வியர்த்துவிட்டது. சீலை முழங்காலுக்குக் கீழே கிழிந்து, மடிப்புக்குள் மறைத்துக் கட்டியிருந்தேன். ரவிக்கை என்று ஒன்று கிடையாது, முந்தானையை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தேன். என் புருஷன்தான். தினமும் என்னைச் சாக்கில் பார்க்கிறவர்தான். ஆனாலும் அந்தப் பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒற்றைக் கண்ணை இடுக்கி நேராக என்னைப் பார்த்தபோது, யாரோ அந்நிய ஆண் பார்க்கிற மாதிரி இருந்தது. இரண்டு கையாலும் மார்பைக் கட்டிக்கொண்டேன். கிராணியார் சன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

மூன்றாவது கேமரா நெட்டையாக, கனமாக இருந்தது. தோல் உரிந்து பூஞ்சணம் பூத்திருந்தது. முன்னால் மேலும் கீழுமாக இரண்டு கண்ணாடிக் கண்கள். வயிற்றோடு அணைத்துப் பிடித்து, மேல்மூடியைத் திறந்து உள்ளே குனிந்து பார்க்க வேண்டும். இவர் குனிந்தார். எனக்கு அவருடைய உச்சந்தலை மட்டும் தெரிந்தது. கோயிலில் கும்பிடுகிறவர் மாதிரி நின்றார். என் கைகள் தாமாகவே இறங்கின.

"இத வாங்குங்க" என்றேன்.

"இது கனம், புள்ள. ஒளிக்க முடியாது. வெளிச்சமும் கம்மியாத்தான் வாங்கும்."

"உறுதியா இருக்கும்" என்று ஏதோ சொன்னேன். உண்மைக் காரணத்தை அந்தப் பெரிய மனுஷர் முன்னால் எப்படிச் சொல்வது?

இவர் என்னைப் பார்த்தார். பிறகு கிராணியாரிடம், "துருத்தியில ஓட்டை இருக்குங்க. மழைக்குத் தாங்காது. இதையே எடுத்துக்கறோம்" என்றார். கிராணியார் மிஷினின் சக்கரத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். திரும்பி வருகிற வழியில் இவர் காரணம் கேட்கவே இல்லை.

படம் பிடிக்கிற நாளில்தான் எல்லாம் சிக்கலானது. பெண்களிடம் உடுத்த ஒன்றுமில்லை. என் சீலையைத்தான் ஒருவர் மாற்றி ஒருவர் கட்டிக்கொள்ள வேண்டும். அப்படியென்றால் அங்கே ஆண் யாரும் இருக்க முடியாது. ஆகவே கேமராவை நான்தான் பிடிக்க வேண்டும். சீலையைக் கொடுத்துவிட்ட நான் சாக்கோடுதான் நிற்க வேண்டும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற கொட்டகையில் மூன்று பக்கமும் தட்டி கட்டி, காட்டைப் பார்த்த பக்கத்தை மட்டும் வெளிச்சத்துக்குத் திறந்து வைத்தோம். எதை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று இவர் முந்தின நாளே சொல்லிக்கொடுத்திருந்தார்.

முதல் பெண் வந்து நின்றாள். நான் குனிந்தேன். அதற்குமுன் அந்தப் பெட்டிக்குள் நான் பார்த்ததே இல்லை. குனிகிறவருக்கு எதிரே நிற்பவர் தெரிய மாட்டார் என்றே நினைத்திருந்தேன். அவள் முழுசாக அதற்குள் நின்றாள். கழுத்தெலும்பு, கன்னத்துச் சொறி, தாலிக் கயிற்றில் கட்டிய மஞ்சள் துண்டு, சீலையில் போட்ட தையல் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. வெறும் கண்ணால் பார்ப்பதைவிடத் தெளிவாகத் தெரிந்தன. அப்படியானால் அன்றைக்கு அந்த முன்னறையில் என்னையும் இவர் இப்படித்தானே பார்த்திருப்பார்?

"என்ன புள்ள, எடுத்தாச்சா?"

"நேரா நில்லுங்க" என்றேன்.

ஒவ்வொருத்தியாக வந்து கட்டிக்கொண்டு, நின்று, அவிழ்த்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கடைசியாக அண்ணி. போகிற கூட்டத்தில் பக்கத்து வீட்டுக்காரர் இருந்தார். அண்ணனை எங்கேயாவது கண்டால் படத்தைக் கொடுப்பதாக ஒத்துக்கொண்டிருந்தார். அண்ணி தலையைத் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டு வந்தார்.

"எப்படி இருக்கேன்?"

"நல்லா இருக்கீங்க அண்ணி."

"பொய் சொல்லாத. இந்தப் பொட்டிக்குள்ள ஆளு எப்படித் தெரியுதுன்னு நானே பாக்கறேன், நீ இங்க வந்து நில்லு."

தடுக்கப் பார்த்தேன். அண்ணி கேட்கவில்லை. என்னைத் தன் இடத்தில் நிறுத்திவிட்டு, கேமராவை வாங்கிக் குனிந்தார். சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணி வெகுநேரம் தலையைத் தூக்கவில்லை. தூக்கியபோது என் முகத்தைப் பார்க்காமல், "சரி, சீக்கிரம் எடு, வெளிச்சம் போவுது" என்றார்.

படங்கள் தீப்பெட்டி அளவில் வந்தன. ஆனால் தெளிவு என்றால் அப்படி ஒரு தெளிவு. தவுக்கேகூடப் பாராட்டினாராம். இவருக்குப் பெருமை தாங்கவில்லை. சீலைக்கரையிலிருந்த மயிலின் கழுத்தைக்கூட எனக்குக் காட்டினார். நல்ல கேமராவைத்தான் எடுத்திருக்கிறோம் என்றார். போனவர்கள் எல்லாரும் படத்தை மடியில் கட்டிக்கொண்டு லாரி ஏறினார்கள்.

சண்டை முடிந்து சில பேர்தான் திரும்பி வந்தார்கள். அண்ணன் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். எலும்பும் தோலுமாகக் கால் புண்ணோடு எங்கள் வாசலில் உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னார். அண்ணனைக் காய்ச்சல் கொட்டகையில் பார்த்தாராம். படத்தைக் கையில் கொடுத்தாராம்.

"ஏதாச்சும் சொன்னாரா?" என்று கேட்டார் அண்ணி.

பக்கத்து வீட்டுக்காரர் தயங்கினார். "ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்புறம், இது தங்கச்சியோட கல்யாணச் சீலையாச்சே, இவ சீலையெல்லாம் எங்கன்னு கேட்டாரு. நான் தெரியலன்னுட்டேன். நாங்க எல்லாரும் படத்த ஒண்ணா வச்சுப் பாத்தோம். எல்லாத்துலயும் அதே மயிலுதான். மொதல்ல சிரிச்சோம். அதுக்கப்புறம் யாரும் ஒருத்தர் முன்னால ஒருத்தர் படத்த வெளிய எடுக்கல."

லயத்துப் பெண்கள் எல்லாரும் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி உள்ளே போனாள். பிறகு இன்னொருத்தி. நான் மட்டும் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

அடுத்த வாரத்தில் அவர்கள் ஒவ்வொருவராக வந்து தங்கள் ஃபிலிமைக் கேட்டு வாங்கிப்போய் அடுப்பில் போட்டார்கள். இவர் மறுப்புச் சொல்லாமல் கொடுத்தார். பின்னாளில் பகாவ் பசாரில் இவர் சொந்தமாகப் படக்கடை வைத்தார். ஆள் பற்றாத நாட்களில் என்னைப் படம் பிடிக்கக் கூப்பிடுவார். கண் சரியில்லை என்று சொல்லிவிடுவேன்.

அண்ணியிடம் இதைப் பற்றி ஒரே ஒரு முறைதான் பேசினேன். அப்போது எங்கள் இரண்டு பேருக்கும் தலை நரைத்திருந்தது. "அந்தச் சீலைய நான் குடுத்திருக்கவே கூடாது அண்ணி" என்றேன்.

"போடி. நீ குடுத்தது தப்பில்ல" என்றார் அண்ணி. "அவரு கேட்டாரே, அதுக்கு அந்த ஆளு தெரியலன்னு சொன்னான் பாரு, அதுதான் தப்பு. வித்துத் தின்னோம்னு சொல்லியிருக்கலாம். பொஞ்சாதி எப்படியோ உசுரோட இருக்கான்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கும்."

அண்ணி முறத்தை என் பக்கம் தள்ளினார். இரண்டு பேரும் கீரை ஆய்ந்தோம்.