தம்பி மேல் வளர்ந்த உண்ணிப்புதர்

எட்டு வயதில் எனக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. இப்போது மட்டும் என்ன வாழ்கிறது என்று என் மகள் கேட்பாள். அது கிடக்கட்டும்.

கல்லறைத் திருநாளுக்கு ஒரு வாரம் இருந்தது. காய்ச்சலில் போன என் தம்பியைப் புதைத்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அதன் பிறகு வீட்டில் யாருக்கும் அங்கே போக மனம் வரவில்லை. அந்த வருடம் போய்ப் பார்த்தால் இடமே தெரியாமல் ஆள் உயரத்துக்கு உண்ணிச்செடி மண்டிக் கிடந்தது. "திருநாளுக்குள்ள இதை எடுத்துட்டு ஒரு சிலுவை நடணுங்க. புள்ளைக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்தாம நான் என்ன தாய்?" என்று அம்மா அழுதாள். அப்பா தலையாட்டினார்.

தலையாட்டியவர் அடித்த கூத்தைக் கேளுங்கள். முதல் நாள் வீட்டு அரிவாளோடு வந்து நாலு கிளையைத் தட்டிவிட்டு, "பிடி ஆடுது" என்று கிளம்பிவிட்டார். மறுநாள் ஆபீஸ் தோட்டக்காரரிடம் இரவல் வாங்கிய பெரிய கத்தரி. மெல்லிய கொம்பெல்லாம் போனது, தண்டு நின்றது. அடுத்த நாள் கோடாலி. தண்டும் போனது. சரியாகச் சிலுவை நட வேண்டிய இடத்தில் வேர்க்கட்டை மட்டும் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தது. அதை விட்டால் அடுத்த மழைக்கே தழைத்துவிடும்.

பிளாக்பள்ளி கடைத்தெருவில் இருந்த இரும்புக்கடைக்கு என்னையும் கூட்டிப் போனார். "லண்டானா, உண்ணிச்செடிதானே? பிக்காசு எடுத்துட்டுப் போங்க சார். ரெண்டே போடு, வேரோட வந்துடும்" என்றார் கடைக்கார சாயபு. அப்பா கடப்பாரையைத் தூக்கிப் பார்த்தார், வைத்தார். மண்வெட்டியைத் தூக்கிப் பார்த்தார், வைத்தார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "பிக்காசையே வாங்குங்கப்பா!" என்று கத்தி அழுது வாங்க வைத்தேன். வாங்கியதைக் கதவுக்குப் பின்னால் சாத்தி, "காம்பு பச்சை மரம், காயட்டும்" என்று இரண்டு நாள் தொடவே இல்லை. அதற்குள் பக்கத்து வீட்டுப் பெண் தங்கள் தாத்தா கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று என்று பீற்றிக்கொண்டாள். எனக்கு மானம் போயிற்று.

திருநாளுக்கு முந்தின சாயங்காலம் மூவரும் போனோம். பிக்காசை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். அப்பா கட்டையைச் சுற்றிச் சுற்றி வந்தாரே தவிர, குனியவில்லை. சே, இதென்ன மனுஷர் என்று எரிச்சலோடு நானே பிக்காசைத் தலைக்கு மேல் ஓங்கினேன்.

"போடாதே!"

அதட்டிக்கூடப் பேசாத அப்பா அலறினார். பிக்காசைப் பிடுங்கி எறிந்துவிட்டு மண்டியிட்டு, விரலால் மண்ணைப் பறிக்க ஆரம்பித்தார். அம்மாவும் எதிரே உட்கார்ந்து பறித்தாள். இத்தனை ஆயுதத்தைச் சுமந்து வந்து கையால் தோண்டுகிறார்களே என்று எனக்கு ஆத்திரம். "ரெண்டு போடுல முடியற வேலைப்பா" என்று அவர்களைச் சுற்றிச் சுற்றி வந்து நச்சரித்தேன். இருவரும் நிமிரவில்லை. இருட்டுகிற நேரத்தில் வேர் வந்தது. அப்பாவின் நகக்கண்ணிலெல்லாம் ரத்தம்.

எனக்குக் குழந்தை பிறந்த பிறகுதான் அம்மா சொன்னாள். புதைத்த அன்றைக்கு இரண்டு முழத்துக்குக் கீழே ஒரே பாறையாம். குழி வெட்டுகிறவர் எவ்வளவோ முயன்றும் அதற்குமேல் இறங்கவில்லையாம். பெட்டியைத் தன் கையாலேயே இறக்கி வைத்தவர் அப்பாதான். பெட்டியின் உயரம் போகத் தம்பியின் மேல் ஒரு முழம் மண்கூட இல்லை என்பது அவருக்குத் தெரியும்.