அக்கா வீட்டுக்கு நாங்கள் கொண்டுபோன கவலைகள்

அக்கா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் இந்த நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவருக்கும் என் வணக்கம். அக்காவின் பெருமைகளை எழுதித் தரச் சொல்லித்தான் இந்தப் பக்கத்தை என்னிடம் கொடுத்தார்கள். பெருமைக்கு என்ன குறைச்சல்? எழுதுகிற கைதான் கூசுகிறது.

தாசேக் கெலுகோர் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் அக்கா பிறந்தார். அப்பா அங்கே கணக்கு எழுதும் கிராணியார். அவர் திடீரென்று காலமானபோது நான் பள்ளிக்கூடப் பையன். அக்கா ஆசிரியர் வேலைக்குப் போய், அம்மாவையும் என்னையும் பாகான் டாலாமில் குடிவைத்தார். வந்த வரன்களையெல்லாம், "தம்பி படிப்பு முடியட்டும்" என்று தள்ளிப்போட்டார். என் படிப்பு முடிந்தது, வேலை கிடைத்தது, கல்யாணமும் நடந்தது. அதற்குப் பிறகாவது அக்காவுக்கு ஒரு வரன் பார்க்க வேண்டும் என்று இந்த மண்டையில் உறைக்கவேயில்லை.

பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டே மேற்படிப்பு படித்த அக்கா, பல்கலைக்கழகத்தில் ஆலோசனை உளவியல் விரிவுரையாளராகி, கடலுக்கு அந்தப் பக்கம் தீவில் இருக்கும் கெலுகோருக்குக் குடிபோனார். அது என்ன வேலை என்று கேட்பவர்களிடம் அம்மா, "மனசு சரியில்லாதவங்ககிட்ட எப்படிப் பேசறதுன்னு சொல்லிக்கொடுக்கிறா" என்பார். அவ்வளவுதான், குடும்பமே ஃபெரி ஏறிவிட்டது! மாமியார் மருமகள் சண்டை, குடிக்கிற மாப்பிள்ளை, பரீட்சையில் தவறிய பிள்ளை என்று எல்லாம் அக்கா வீட்டு சோபாவில்தான் வந்து உட்காரும். கோப்பி கலக்கிக் கொடுத்துவிட்டு அக்கா எதிரே அமர்ந்து கேட்பார். குறுக்கே பேசமாட்டார். ஒருவர் சொன்னது இன்னொருவர் காதுக்குப் போகாது. பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று முரண்டு பிடித்த என் மகனைக்கூட ஒரு விடுமுறை முழுக்க அவரிடம் தள்ளிவிட்டு நான் நிம்மதியாக இருந்தேன்.

அக்கா இருந்த கடைசித் தீபாவளிக்கு அவர் வீட்டுக்குப் போய்விட்டுக் கிளம்பும்போது வாசலில் என்னை நிறுத்தினார்.

"தம்பி, கொஞ்சம் உட்காரேன். உன்கிட்ட ஒண்ணு பேசணும்."

பிள்ளைகள் வெளியே நிறுத்தியிருந்த என் கெரேத்தாவில் ஏறி ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னக்கா, ஊருக்கே புத்தி சொல்றவங்க நீங்க! உங்களுக்கு நான் என்னத்த லா சொல்லப்போறேன்?" என்று சிரித்தேன்.

அக்காவும் சிரித்தார். "அதுவும் சரிதான். பார்த்துப் போ."

வயிற்றில் கட்டி என்று டாக்டர் சொல்லி ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லையாம் அப்போது. அவர் படுக்கையில் விழுந்த பிறகுதான் எங்களுக்கு அது தெரிந்தது. பாவி நான், ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும்?

கருமக்கிரியை அன்று அக்காவின் மாணவி விமலா வந்திருந்தார். அக்கா வகுப்பில், ஒருவர் ஆலோசகராகவும் மற்றவர் குறையோடு வந்தவராகவும் எதிரெதிரே அமர்ந்து பேசிப் பழக வேண்டுமாம். அவர் பாடம் எடுத்த கடைசிப் பருவத்தில், தன் நோயை வீட்டில் சொல்ல முடியாத ஒரு பெண்ணாக அக்காவே அமர்ந்தாராம். எதிரே ஆலோசகராக விமலா.

"நடிக்கிறாங்கன்னுதான் சார் நெனச்சோம். 'வீட்ல யார்கிட்டயாவது சொன்னீங்களா'ன்னு கேட்டேன். 'தம்பி இருக்கான். சொல்லத்தான் போனேன், சிரிச்சிட்டான்'னாங்க. கண்ணு கலங்கிருச்சு. என்னா நடிப்புன்னு கிளாஸே கைதட்டுச்சு சார்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் தேம்பித் தேம்பி அழுதார்.

அக்காவின் இறுதி நாட்களில் முகம் சுளிக்காமல் பணிவிடை செய்த தாதியருக்கும், நாள் தவறாமல் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், ஈமக்கடன்களில் உடனிருந்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. விமலாவுக்கும் அவருடன் படித்தவர்களுக்கும் என் தனிப்பட்ட நன்றி. கைதட்டியதை நினைத்து நீங்கள் யாரும் வருந்த வேண்டாம், பிள்ளைகளே. பாடத்துக்காகத்தான் என்றாலும், அக்காவை உட்காரவைத்து அவருக்கு என்ன கவலை என்று கேட்டீர்கள். கூடப் பிறந்த நான் கேட்கவில்லை.